தங்கை கல்யாணத்துக்கு ஒரு வூஃபர்

"டொக்" என்றது கார்.

சுவிசேஷமுத்து டேப்பை நிறுத்தினான். காரும் வாயை மூடிக்கொண்டது. மறுபடி போட்டான். "டொக்... டொக்..."

சனிக்கிழமை தங்கை ஜோசபினுக்குக் கல்யாணம். அவளுக்குப் பிடித்த பாட்டு அதிர, அண்ணன் காரில்தான் அவள் மாதா கோயில் வாசலில் வந்து இறங்க வேண்டும். அதற்காகவே சிங்கப்பூர் கேலாங் கடையொன்றில் பேஸை அதிர வைக்கும் பெரிய ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், வாங்கி, பிளைவுட் பெட்டி அடித்து, காரின் பின்னால் ஏற்றியிருந்தான். கல்யாணம் முடியும்வரை அந்தப் பாட்டைத் தவிர வேறெதுவும் காருக்குள் ஒலிக்கக் கூடாது என்று உத்தரவே போட்டிருந்தான். கார் சரிப்படாவிட்டால் மாப்பிள்ளையின் மாமா அலெக்சாண்டர் தன் காரை அனுப்பிவிடுவார். அந்த அவமானத்தை நினைத்தாலே அவனுக்கு வியர்த்தது.

"முன்னாடி இந்தச் சத்தம் இல்லையே?" என்றாள் மனைவி அற்புதமேரி.

"பேஸ் பவர் அப்படி. ஏதோ லூஸா ஆடுது, கண்டுபிடிச்சிடுறேன்."

கார் ஸ்பீக்கர் விஷயத்தில் ஆண்பிள்ளைகளுக்கு வரும் நிச்சயம் ஆண்டவருக்குக்கூட வராது.

நம்பர் பிளேட்டுக்கு அடியில் ரப்பர் வைத்தான். டொக். ஜாக்கி, ஸ்பேர் டயரையெல்லாம் மார்சிலிங்கில் இருந்த தன் வீட்டு ஹாலுக்கு ஏற்றினான். டொக்.

"பெட்டிக்குள்ள பஞ்சு வைக்கணும் லா" என்றார் வூஃபர் விற்ற கடைக்காரர் மருதப்பன்.

மாப்பிள்ளைக்கென்று வாங்கிய புதுத் தலையணைகளின் வயிறு கிழிந்தது. பாட்டு தெளிந்தது. டொக்கும் தெளிந்தது.

"அப்போ வூஃபர் பத்தல. பெருசா போடுங்க" என்றார் மருதப்பன், பில் புத்தகத்தைப் பிரித்தபடி.

பெருசு போட்டான். டொக் இப்போது நெஞ்சில் குத்தியது. பெரிய வூஃபருக்குப் பெரிய பெட்டி, பெரிய பெட்டிக்குப் பெரிய இடம் என்று கடைசியில் பின் சீட்டே வெளியே வந்துவிட்டது.

"உங்க தங்கச்சி எங்க உட்காருவா? பெட்டி மேலயா?" என்றாள் அற்புதமேரி.

"முதல்ல சத்தம் நிக்கட்டும். சீட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்."

சனிக்கிழமையும் வந்தது. சத்தம் நிற்கவில்லை. அலெக்சாண்டரின் கார்தான் வந்து நின்றது.

"கவலைப்படாதீங்க முத்து. நம்ம கார்ல ரேடியோவே கிடையாது, ஒரு தொந்தரவும் இல்ல!"

ஜோசபின் அதில் ஏறிக்கொண்டாள். போதாக்குறைக்கு அற்புதமேரியும் ஏறிக்கொண்டாள். சுவிசேஷமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் காருக்கு மிஞ்சியவர் பக்கத்து வீட்டு ஜைனப் அக்கா ஒருவர்தான். முன் சீட்டில் பட்டுச் சேலை கசங்காமல் உட்கார்ந்தார். அவரோடு பேசத் தெம்பில்லாமல் அவன் டேப்பைத் தட்டிவிட்டான்.

"டொக்... டொக்..."

ஜைனப் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"அடடே, அன்னிக்கு நீங்க ரேடியோ முன்னாடி டேப்பை வச்சு இந்தப் பாட்டைப் பிடிச்சீங்களே, அப்போ நான் சுவருக்கு அந்தப் பக்கம் சம்பாலுக்கு மிளகாய் இடிச்சது எவ்ளோ கிளியரா விழுந்திருக்கு தம்பி!"