அலெக்சாந்தர் மாஸ்ரர் எழுதிய பதினொரு பக்கம்

எழுபதுகளில் மெல்பேர்ன் சிட்னி ரோட் டிராமில் ஏறியவர்கள் டிக்கட் எடுக்காமல் தப்பியிருக்கலாம். கிரேக்க ராசா அலெக்சாந்தரின் கதையைக் கண்டக்டரிடம் கேட்காமல் தப்பிய ஆள் ஒருவரும் கிடையாது. கைக்குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை.

அந்த டிராமின் கண்டக்டரை நாங்கள் அலெக்சாந்தர் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே அந்தப் படிப்புக்கு ஒருவரும் கதவு திறக்கவில்லை, டிராம்காரர்கள் திறந்தார்கள். தோல்பையும் தொப்பியும் கொடுத்தார்கள். மனிதர் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. "ஐசே, ஊரில வகுப்புக்கு முப்பது பிள்ளையள். அதில பத்துப் பேர் நித்திரை. இஞ்சை ஒரு நாளைக்கு ஆயிரம் பேர். இடையில இறங்கி ஓடவும் ஏலாது" என்பார். அவருக்கு எல்லாருமே "ஐசே"தான்.

அவரிடம் அட்டை கழன்ற ஒரு புத்தகம் இருந்தது. மிகப் பழைய காலத்துக் கிரேக்கச் சரிதக்காரன் ஒருவன் அலெக்சாந்தரைப் பற்றி எழுதியது. அவன் பெயரைச் சொல்லப் போனால் எனக்குப் பல்லுக் கழன்றுவிடும். மாஸ்ரர் அவனைக் "கிழவன்" என்பார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்வது போல. கிழவனின் கொள்கை இதுதான்: ராசா எத்தனை நாடு பிடித்தான், எத்தனை பேரை வெட்டினான் என்பதில் மனிதன் தெரியமாட்டான், சிரித்துக்கொண்டு விடுகிற ஒரு பகிடியில், ஒரு சின்னச் சொல்லில்தான் பிடிபடுவான். ஆகவே போர்க்களங்களை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, ராசாவின் கழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று எழுதிவைத்தான். இடப்பக்கமாம். மாஸ்ரருக்கும் கழுத்து இடப்பக்கம்தான். தோல்பையின் பாரம் என்று நாங்கள் சொன்னோம். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பிரன்ஸ்விக்கில் அப்போது கிரேக்கர்கள் அதிகம். ஒருநாள் கூடை நிறையத் தக்காளியோடு ஏறிய ஒரு கிரேக்க அம்மாவுக்கு, ராசா தன் எதிரியின் மனைவி மக்களைச் சிறைபிடித்தும் எவ்வளவு மரியாதையாக நடத்தினான் என்று மாஸ்ரர் விளக்கினார். அந்த அம்மா கண்ணைத் துடைத்தபடி இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி நாலு தரிப்பு போய்விட்டார். இறங்கும்போது பாதிக் கூடையை மாஸ்ரரின் கையில் திணித்துவிட்டுப் போனார். ஒரு கிழமை, ஏழு நாளும், எங்கள் வீட்டில் தக்காளிக் குழம்பு. அலெக்சாந்தரின் படையெடுப்பால் உண்மையில் பலன் கண்டவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

மூன்று பேர் என்றால் மாஸ்ரர், எஞ்சினியரான நான், கணக்காளன் சிவா. ஒரே வீடு, ஒரே குசினி, மூவருக்கும் பொதுவாக ஒரு கிழட்டுக் கார். இங்கே குளிர்காலமான யூலையில் அந்தக் கார் அசையாது. நான் மூடியைத் திறந்து எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருப்பேன். மாஸ்ரர் சாரத்தோடு வந்து நின்று தீர்ப்புச் சொல்லுவார்.

"அதுக்கு வருத்தம் ஒண்டுமில்லைக் காணும். தன்ர நிழலைப் பாத்துப் பயப்பிடுது. ராசான்ர குதிரையும் இப்பிடித்தான். அவன் என்ன செய்தவன்? முகத்தைச் சூரியனுக்குத் திருப்பினவன். பிடியும், தள்ளுவம்!"

"மாஸ்ரர், இது கார்."

"அதுக்கும் நிழல் இருக்கே இல்லையே?"

தள்ளினோம். தெருச் சனம் ஜன்னலைத் திறந்து பார்க்க, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காரின் மூஞ்சியைக் கிழக்கே திருப்பினோம். கோதாரி விழுந்த கார், ஒரே தள்ளலில் பிடித்துக்கொண்டது! தெரு அந்தப் பக்கம் சரிவு என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். சிவா அன்றே மதம் மாறிவிட்டான். அதற்குப் பிறகு காருக்குச் சாவி போடுமுன் சூரியனைத் தேடுவான்.

இதெல்லாம் பகிடி. வினை வந்தது அவருடைய குறிப்புக் கொப்பியால். கிழவனைப் போல மாஸ்ரரும் எங்கள் சின்ன விசயங்களைக் கவனித்துக் குறித்துவைப்பார். சிவா சோதினை பாஸ் பண்ணியபோது ஒரு வரி எழுதவில்லை. மறுநாள் அவன் மீன் டின்னில் விரலை வெட்டிக்கொண்டு டின்னிடமே மன்னிப்புக் கேட்டான். அரைப் பக்கம் எழுதினார். "வெற்றியில ஆளைத் தெரியாது ஐசே. கறி முடிஞ்ச பிறகு சட்டியைப் பாக்கிற பார்வையில தெரியும்" என்பார். நாங்கள் சட்டியைப் பார்க்காமலே சாப்பிடப் பழகினோம்.

அந்த நேரம்தான் எனக்கு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு சம்பந்தம் பேசி, அம்மா படம் அனுப்பினார். பெயர் மலர். படத்தை ஒருமுறை பார்த்தேன், நான் முடிந்தேன். கட்டினால் இவள், இல்லாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று இருந்தேன். அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால், பெண்வீட்டார் அங்கே தெரிந்த ஆள் யாருக்காவது எழுதிப் பொடியனைப் பற்றி விசாரிப்பார்கள். பதில் எப்போதும் ஒரே பதில்தான்: பொடியன் தங்கம், குடி இல்லை, சிகரெட் இல்லை. குடித்துக்கொண்டே அந்தப் பதிலை எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

மலரின் தகப்பனாருக்கு மெல்பேர்னில் தெரிந்த ஒரே ஆள், தன்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அலெக்சாந்தர் மாஸ்ரர்.

"உம்மைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தவர். நேற்று மறுமொழி போட்டிட்டன்" என்றார் மாஸ்ரர், தொப்பியைக் கழற்றியபடி.

நான் மேசையில் கிடந்த அவருடைய கொப்பியைப் பார்த்தேன். "எத்தினை பக்கம்?"

"பதினொண்டு."

"எஞ்சினியர் எண்டு எழுதினீங்களோ?"

"அது போர்க்களம் காணும். சரித்திரக்காரன்ர வேலை. நான் எழுதினது சீவிய சரிதம்."

"பிறகு என்னத்தைத்தான் எழுதினீங்கள்?"

"சிலந்தியைக் கண்டு கதிரையில ஏறி நிண்டு சிவாவைக் கூப்பிட்டது. பியர் ரெண்டு கிளாஸ் உள்ளுக்குப் போனால் தேவாரம் படிக்கிறது. அதிலயும் ரெண்டாவது அடி பிழை."

"ஐயோ மாஸ்ரர்! ஆயிரம் பொய் சொல்லியெண்டாலும் ஒரு கலியாணத்தைச் செய்து வை எண்டு பெரியாக்கள் சொல்லேல்லையே? ஆயிரத்தில ஒண்டு கூட உங்களால சொல்லேலாதே?"

"கிழவன் சொல்லமாட்டான் ஐசே" என்றார், வலு நிம்மதியாக.

ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய டிராமைக் கண்டால் நடந்தேன். தபால் பெட்டியை நாளுக்கு மூன்று தரம் திறந்து பார்த்தேன். கடைசியில் அம்மாவின் கடிதம் வந்தது. "டேய் தம்பி, நீ சிலந்திக்குப் பயந்து கதிரையில ஏறினதை ஏன்டா கோண்டாவில் முழுக்கச் சொல்லிச் சிரிக்குது? எனக்கு வெளிக்கிட வெக்கமாக் கிடக்கு" என்று தொடங்கி, இரண்டு பக்கம் என்னைத் திட்டி, கடைசி வரியில் போகிற போக்கில் போட்டிருந்தார்: "பொம்பிளைப் பகுதிக்கு ஓமாம். லீவு எடுத்துக்கொண்டு வா."

ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்தேன். மலரோடு திரும்பி வரும் விமானத்தில்தான் கேட்கத் துணிவு வந்தது.

"இவ்வளவையும் வாசிச்சிட்டு ஏன் ஓம் எண்டனீர்?"

"எனக்கு வேற மூண்டு சம்பந்தம் வந்தது. மூண்டு கடிதத்திலயும் பொடியன் தங்கம். தங்கத்தோட எப்பிடியப்பா சீவிக்கிறது? உங்கட கடிதத்திலதான் ஒரு மனிசன் இருந்தவர்." சிரித்தாள். பிறகு சொன்னாள்: "கடைசிப் பக்கத்தை நான் நாலு தரம் வாசிச்சனான். விடியக் காலமை முதல் டிராமுக்குப் போற மாஸ்ரருக்கு, கேளாமலே ஆரோ பிளாஸ்க்கில தேத்தண்ணி ஊத்தி வைக்கினமாம். ஆரெண்டு தெரியாத மாதிரித் தானும் குடிச்சிட்டுப் போவாராம்."

ஊற்றி வைத்தவன் நான். சிவா வைப்பதாகத்தான் மாஸ்ரர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பியிருந்தேன்.

"இஞ்சருங்கோ, பிடிக்காத ஆளை ஒருத்தர் பதினொரு பக்கத்துக்குப் பாத்துக்கொண்டு இருப்பாரே?" என்றாள் மலர்.

மெல்பேர்னில் இறங்கி வெளியே வந்தால், வேலைக்கு நடுவில் ஓடி வந்தவர் போல, தொப்பியும் தோல்பையுமாக மாஸ்ரர் நிற்கிறார். மலரைக் கண்டு கைகூப்பினார். என்னைப் பார்த்தவர், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நான் இன்னும் கோபமாக இருப்பதாக நினைத்தார் போலும். யாழ்ப்பாணத்து ஆம்பிளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கிற வழக்கம் இல்லை. நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். பையிலிருந்த சில்லறை கலகலவென்றது.

"விடும் காணும், சனம் பாக்குது" என்றார் மாஸ்ரர்.

நான் விடவில்லை.