நாக்குக் கறுத்தால் சுருட்டு

தனக்கு இனிமேல் புற்றுநோய் வராது என்று ஆடி மாதத்தில் ஒரு காலை நயினாதீவு ஆழ்வாப்பிள்ளை தீர்மானித்தார்.

எல்லாம் றேடியோவால் வந்த வினை. ஒரு டொக்டர் பேசினார். நாவற்பழம் போன்ற கறுத்த பழங்களில் 'ஒட்சியேற்ற எதிரி' என்றொரு சாமான் இருக்கிறதாம். உடம்பு துருப்பிடிக்காமல் அது காக்குமாம். புற்றுநோயைத் தடுக்கவும் உதவலாமாம். "ஆனால்..." என்று டொக்டர் இழுத்தபோது ஆழ்வாப்பிள்ளை றேடியோவை நிற்பாட்டிவிட்டார். பற்றரி விற்கிற விலையில் 'ஆனால்' எல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

முப்பது வருடமாக அவர் வாயில் சுருட்டு. அதே முப்பது வருடமாக மனைவி சீதேவியின் வாயில் "அதை விடுங்கோ". இரண்டும் ஓய்ந்ததில்லை.

"இஞ்சரும், நாவற்பழம் சாப்பிட்டால் புற்றுநோய் வராதாம். டொக்டரே சொல்லிப்போட்டார். இனி ஒரு கை பழம், ஒரு சுருட்டு. நீர் வாய் திறக்கப்படாது!"

சண்டைக்குத் தயாராக நின்றார். சண்டை வரவில்லை.

"ஓம், நல்லதுதானே. ஆனா நீங்கள் பழம் சாப்பிட்டது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நாக்கைப் பாருமன், கறுத்திருக்கும்."

"அப்ப நாக்குக் கறுத்த ஆளிட்டைத்தான் சுருட்டுக் கட்டு இருக்கோணும். அம்மனுக்கு முன்னாலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினார். மனிசியின் வாயை அடைத்துவிட்ட பெருமையில், கோயிலிலிருந்து திரும்பும்போதே ஒன்றைப் பற்றவைத்தார்.

கிணற்றடி நாவல் மரம் அவரைக் கைவிடவில்லை. பழம், நாக்கு, சுருட்டு. சீதேவி நாக்கை எட்டிப் பார்ப்பாள், தலையாட்டுவாள், போய்விடுவாள். சுகமான ஆடி.

ஆவணியில் மரத்தில் இலைதான் மிச்சம். ஆழ்வாப்பிள்ளை லேசுப்பட்டவரா? கடைசிப் பழங்களை உப்பில் ஊறப்போட்டு, பெரிய போத்தலில் அடைத்து, அலுமாரிக்குள் பூட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். அலுமாரிச் சாவி காலாகாலமாக யாருடைய சேலைத் தலைப்பில் கிடக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

மரத்துப் பழம் தீர்ந்த அடுத்த நாள் மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் போத்தலைக் கேட்டார். வந்தது. உள்ளே கொட்டைதான் கிடந்தது.

"எங்கை பழம்?"

"நான் சாப்பிட்டிட்டன்."

"முழுப் போத்தலுமோ?"

"பின்னை? முப்பது வருசமா உங்கடை சுருட்டுப் புகையில் அரைவாசியை நான்தானே குடிக்கிறன். எனக்கு மட்டும் அந்த வருத்தம் வராதோ? எனக்கும் பயமிருக்குதப்பா."

ஆழ்வாப்பிள்ளைக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இந்த முப்பது வருடத்தில் இதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனாலும் கை தன்பாட்டில் மடியில் இருந்த சுருட்டுக் கட்டைப் பொத்திப் பிடித்தது.

"அந்த 'ஆனால்' எண்டதுக்குப் பிறகு டொக்டர் என்ன சொன்னவர் தெரியுமோ? நீங்கள் நிப்பாட்டின மிச்சத்தைப் பக்கத்து வீட்டு றேடியோவிலை கேட்டனான். சுருட்டை விடாத ஆளை எந்தப் பழமும் காப்பாத்தாதாம்."

"அது... நான் கேக்கேல்லை."

"அது தெரியும்."

சீதேவி நாக்கை நீட்டினாள். கறுகறுவென்று இருந்தது. பிறகு கையையும் நீட்டினாள்.

"கட்டைத் தாங்கோ. அம்மனுக்குச் செய்த சத்தியம்."

அன்று பின்னேரம் அந்த வீட்டில் சுருட்டுக் குடித்தது குசினி அடுப்பு மட்டும்தான்.