மாப்பிள்ளைக் காய்ச்சல்

அன்றைக்குக் குருவிகுளத்தில் அந்த வீட்டில் இருந்தவர்கள்: பெண், பெண்ணின் அப்பா, அம்மா, என் அம்மா, என் தாய்மாமன், நான். என் காய்ச்சலும் கூடவே வந்திருந்தது. அதைச் சங்கரன்கோவிலிலேயே விரட்டிவிட்டதாக எங்கள் நினைப்பு.

எண்பதுகளின் தொடக்கம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். "படிக்காத பய" என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது இடத்துக்குப் பெண் பார்க்கப் போக வேண்டிய நேரத்தில் உடம்பு அனலாய்க் கொதித்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, "ஃப்ளூ. ஊசி வேண்டாம். கஞ்சி குடிச்சிட்டுப் படு. வெளியே போகாதே, அடுத்தவங்களுக்கும் ஒட்டிக்கிடும்" என்றார்.

வாசல் தாண்டியதும் மாமா குதித்தார். "ஊசி போடாதவன்லாம் என்னலே டாக்டரு? படுத்துக் கெடக்கதுக்கு இவன்ட்ட கேக்கணுமா?"

எனக்கும் ஆத்திரம். (இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.) நேராக ஒரு கம்பவுண்டரிடம் போனோம். இடுப்பில் ஒன்று குத்தினார். அதோடு எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்ததா?

"அண்ணாச்சி, ஒரு பக்கம் மட்டும் போட்டா பாதிக் காய்ச்சல்தான போவும்?"

அந்தப் புண்ணியவான் மறுபக்கமும் குத்தினார்.

மறுநாள் பெண் வீட்டில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க தம்பி."

"இல்ல, நிக்கேன். தறியில நின்னே பழகிட்டு."

பெண்ணின் அப்பா மாமாவை ஓரமாகக் கூப்பிட்டு, தெருவுக்கே கேட்கும் ரகசியத்தில் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, பையனுக்கு மூலமோ?"

"சேச்சே! காய்ச்சல். ரெண்டு ஊசி போட்டாச்சு, ஓடிட்டு" என்றார் மாமா.

அந்த நேரம் பார்த்துத் தும்மினேன். காபித் தட்டோடு வந்து நின்ற பெண்ணின் முகத்துக்கு நேராக.

நாலே நாளில் அந்த வீட்டில் மூன்று பேரும் படுக்கை. "போச்சு, இந்த இடமும் போச்சு" என்று அம்மா அழுதாள். அவர்களோ ஊசியே போடாமல் கஞ்சி குடித்து எழுந்துவிட்டார்கள். நான்தான் குத்திய இடத்தில் சீழ் பிடித்துக் குப்புறக் கிடந்தேன். அப்போதுதான் பெண்ணின் அப்பாவிடமிருந்து ஆள் வந்தது.

"தெருப்பூரா மாப்பிள்ளைக் காய்ச்சல்னு பேரு வச்சுட்டானுவ. இனி வேற மாப்பிள்ளைய எங்கன போய்த் தேட? நாள் பாருங்க."

இன்றைக்கும் சளிக்கு ஊசி கேட்டு அடம்பிடிப்பவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. கத்தித் தீர்ப்பேன். ஒருவரும் மதிப்பதில்லை. மாமனார் வீட்டுத் தெருவில் யார் தும்மினாலும் என் மனைவியிடம்தான் கேட்கிறார்கள்: "ஏட்டி, ஒம் மாப்பிள்ளை ஊருக்கு வந்திருக்காரோ?"