விமானத்துக்கு எலுமிச்சம்பழம் கட்டியவன்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். விமானத்துல ஏறணும், கெலவரப்பள்ளி டேம் தண்ணியில எறங்கணும், கரையில நிக்கிற மாமனாருக்குக் கை காட்டணும். அவ்ளோதான்.

விமானம்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. ரெண்டே சீட்டு. ஆட்டோவுக்கு றெக்க மொளச்ச மாதிரி இருக்கும். ஆனா தரையிலயும் எறங்கும், தண்ணியிலயும் எறங்கும். தரைன்னா சக்கரத்த நீட்டணும். தண்ணின்னா சக்கரத்த உள்ள மடக்கணும். மடக்காம எறங்குனா சக்கரம் தண்ணியில மாட்டி விமானம் குப்புற கவுந்துடும்.

அந்தச் சக்கரத்த மடக்குற எடத்துல விரல் நீளத்துக்கு ஒரு பின் இருக்கு. அது ஓசூர்ல எங்க கம்பெனி செய்யிற பார்ட்டு. அத அளந்து பாத்து ஓகே ஸ்டிக்கர் ஒட்டுற குவாலிட்டி இன்ஸ்பெக்டர், அடியேன்தான்.

பார்ட்டுல ஒரு நூல் ஒட்டியிருந்தாக்கூட விடமாட்டேன். பார்ட்டு செய்யிற லைன்ல எனக்குப் பேரே 'ரிஜெக்ட் ராஜா'.

அதனாலதான், "உங்க ஆளுங்க ஒருத்தர் வந்து ஓட்டிப் பாருங்க"ன்னு அந்த விமானத்தோட பைலட் மேடம் கூப்பிட்டப்போ மொத்த லைனும் ஒரே குரல்ல கத்துச்சு.

"ஓகே போட்டவரே ஏறட்டும்!"

இத்தன நாள் சேத்து வச்ச பாசம்!

என் மாமனார் மதுரைப் பக்கம். கவர்மென்ட் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் ஆனதுலேருந்து என்னப் பத்தி அவர் சொல்ற ஒரே வார்த்தை, "மாப்ள ஏதோ ஸ்டிக்கர் ஒட்டுறாரு". இந்த ஒரு விஷயத்துலயாவது மனுஷன் அசந்து போகணும்னு, குடும்பத்தோட வரவச்சு டேம் கரையில நிறுத்திட்டேன். தக்காளி சாதம், வடை, என் சம்சாரம் கவிதா கையில வீடியோ. எல்லா ஏற்பாடும் பக்கா.

ஓடுதளத்துக்குப் போனா மாமனார்கிட்டேருந்து போன்.

"மாப்ளே, வண்டிக்கு எலுமிச்சம்பழம் வச்சீங்களா?"

"மாமா, இது விமானம்."

"சக்கரம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப வண்டிதான். வைங்க."

சரின்னு போன வச்சேன்.

சக்கரத்துக்குக் கீழ வச்சா மேடம் பாத்துடுவாங்க. மேடம் பெங்களூர்க்காரங்க, தமிழும் கன்னடமும் கலந்து அடிப்பாங்க. விமானத்தச் சுத்தி வந்து ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாத்தாங்க. எனக்கே மரியாத வந்துடுச்சு. எல்லாம் பாத்து முடிச்சுட்டு, "ஒரு நிமிஷம் சார்"னு ஆபீசுக்குள்ள போனாங்க.

கேட்டுக்கு வெளிய இருந்த பொட்டிக்கடைக்கு ஓடுனேன். எலுமிச்சம்பழமும் பச்ச மிளகாயும் கோத்த சரம் ஒண்ணு வாங்கியாந்து, எடது சக்கரத்தோட கம்பியில கட்டுனேன்.

நூல் அந்துடுமேன்னு ஒரு டவுட்டு வந்துச்சு. பாக்கெட்டுல கம்பெனி கேபிள் டை, அதான் ஒயரு கட்டுற பிளாஸ்டிக் பட்டை, கெடந்துச்சு. போட்டு இறுக்கிட்டேன். இழுத்துப் பாத்தேன். அசையல. நம்ம கை வேலையில சோடை இருக்குமா?

அந்தக் கம்பி மடங்கும்னு ஊருக்கே படம் போட்டு வெளக்குனவன் நான். அந்த நேரத்துல அது சுத்தமா ஞாபகம் வரல பாருங்க.

கெளம்பிட்டோம். மேல போனதும் மேடம், "ஈக நீங்க ஓட்டுங்க, சும்னே மெதுவா பிடிங்க"ன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது பைக் ஒண்ணுதான். பழக்கதோஷத்துல ஸ்டிக்க ஆக்சிலேட்டர் மாதிரி முறுக்குனேன்.

"சார், ஏன் முறுக்கறீங்க?"

"ஸ்பீடு..."

"ஸ்பீடு அங்க இல்ல சார்!"

வெக்கமாப் போச்சு. ஆனா கீழ ஓசூர் மொத்தமும் தெரிஞ்சுது. கம்பெனி கூரை, பஸ்ஸு, பெங்களூர் ரோட்ல எறும்பு வரிசையா வண்டிங்க. வானத்துல டிராபிக்கே இல்லீங்க! அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

டேம் வந்துச்சு. கரையில நம்ம கூட்டம். மாமனார் துண்ட வீசிக்கிட்டு நிக்கிறாரு. என் வாழ்க்கையிலேயே பெரிய நிமிஷம்!

மேடம் சக்கரத்த மடக்குற லீவரத் தள்ளுனாங்க. மூணு சக்கரத்துக்கும் மூணு லைட்டு. ரெண்டு மாறுச்சு. எடது சக்கரத்து லைட்டு மட்டும் மாறல.

திரும்பத் தள்ளுனாங்க. ம்ஹூம்.

"சார், அந்த பின் உங்க கம்பெனிதுதானே?"

ஓகே ஸ்டிக்கர் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

"எறங்கின ஒடனே உங்க எம்டிகிட்ட பேசணும். இந்தப் பார்ட்டே பேடா, வேண்டாம்."

போச்சு! என் வேல போச்சு, கம்பெனி ஆர்டரும் போச்சு. மாமனாருக்கு இனிமே 'ஸ்டிக்கர் ஒட்டுறாரு'ன்னு சொல்லவும் வழி இல்ல.

"உங்க சைடுல கண்ணாடி இருக்கு. சக்கரம் நோடி, பாத்து சொல்லுங்க"ன்னாங்க.

எட்டிப் பாத்தேன். சக்கரம் பாதி மடங்கி நிக்குது. இடுக்குல மஞ்சளா என்னமோ மாட்டியிருக்கு. பக்கத்துல பச்ச மிளகா காத்துல ஆடுது.

சொல்லாம இருந்தா பழி பின்னு மேல. சொன்னா என் மேல. ஒரு ரவுண்டு முழுக்க யோசிச்சேன். கீழ மாமனார் இன்னும் துண்டு வீசிக்கிட்டேதான் இருந்தாரு.

"மேடம், பின்னு மேல தப்பில்ல."

"மத்தே? வேற என்ன?"

"எலுமிச்சம்பழம்."

மேடம் என்னயப் பாத்தாங்க. "நிம்பேஹண்ணா?"

"மிளகாயும் இருக்கு மேடம்."

"அய்யோ தேவரே! ஸ்டிக்க நேரா பிடிங்க!"

லீவர மேலயும் கீழயும் ஆட்டி அத ஒதறப் பாத்தாங்க. அது வரைக்கும் விமானத்த ஓட்டுனது நான்தான். நெசமா ஓட்டுனேங்க! டேம் மேல வட்டம் வட்டமா. மிளகாய் ஒண்ணொண்ணா பிச்சுக்கிட்டுப் போச்சு. பழம் மட்டும் போகல.

"என்ன போட்டுக் கட்டினீங்க?"

"கேபிள் டை மேடம். கம்பெனி குவாலிட்டி."

மேடம் லீவர விட்டுட்டு, ஸ்டிக்க எங்கிட்டேருந்து வாங்கிக்கிட்டாங்க.

தண்ணியில எறங்குறது கேன்சல். ஓடுதளத்துக்கே திரும்பிட்டோம். சக்கரத்த நீட்டுனதும் மூணு லைட்டும் பச்ச. எனக்கு உசுரு வந்துச்சு. பூ மாதிரி எறக்குனாங்க.

கட்டிங் பிளேயர் எடுத்து கேபிள் டைய வெட்டவே மேடத்துக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. சப்பிப் போன பழத்த என் உள்ளங்கையில வச்சாங்க. "பின்னு சூப்பர் சார். இத்தன ஆட்டியும் ஒன்னும் ஆகல. எம்டிகிட்ட அதையே சொல்றேன்"னு சொல்லிட்டு, திரும்பிக்கிட்டு சிரிச்சாங்க.

அப்பாடா, பார்ட்டு தப்பிச்சுது. அடுத்து மாமனார்.

குடும்பமே வேன் புடிச்சு ஓடுதளத்துக்கு வந்துடுச்சு. கவிதா எறங்குனதுமே, "என்னங்க, அந்த வட்டம் போட்டது நீங்களா? எங்கப்பா எல்லார்கிட்டயும் எம்மாப்ளதான் ஓட்டுறாருன்னு சொன்னாரு!"ன்னா.

எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. பழத்த மெதுவா பாக்கெட்டுக்குள்ள தள்ளுனேன்.

மாமனார் மட்டும் விமானத்த ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு எங்கிட்ட வந்தாரு.

"தண்ணியில எறங்குவேன்னீங்களே மாப்ளே?"

"சக்கரத்துல சின்னக் கோளாறு மாமா. மடங்கல."

"எலுமிச்சம்பழம் கட்டுனீங்களா, இல்லியா?"

"கட்டுனேன் மாமா."

"எத்தன சக்கரத்துல?"

"ஒண்ணுல."

மாமனார் தலையில அடிச்சுக்கிட்டாரு.

"அதான் மடங்கல! அடுத்த தடவ மூணுலயும் கட்டுங்க."