ஆதாரம் டொக்டரின் குறட்டைப் படிப்பு

டுசல்டோர்ஃபில் வாழும் தமிழர்களில் பாதிப் பேரின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்த மனிதர் ஒருவர் இருந்தார். மீதிப் பாதிப் பேர் அவரைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய்விடுவார்கள்.

அவர் பல் வைத்தியர். பெயர்ப்பலகையில் நல்ல நீளமான பெயர் இருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அவர் "ஆதாரம் டொக்டர்". யார் என்ன சொன்னாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அதுக்கு ஆதாரம் இருக்கோ?" என்பார். வெளியே மழை என்று சொன்ன தபால்காரரிடமும் ஜேர்மனில் இதையே கேட்டார். தபால்காரர் நனைந்த தொப்பியைக் கழற்றிக் காட்டிவிட்டுப் போனார்.

நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஆதாரங்களைத் தரம் பிரித்துக் காட்டும் ஒரு முக்கோணப் படம் மாட்டியிருந்தார். அடித்தட்டில் ஆட்கள் சொல்லும் கதைகள், உச்சியில் பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்த முடிவுகள். ஒரு அக்கா அதைக் கோயில் கோபுரம் என்று நினைத்து, பல்லுப் பிடுங்குவதற்கு முன் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். நல்லபடியாகப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து இன்னொரு தடவையும் கும்பிட்டார். டொக்டருக்கு வந்த கோபத்தை நான்தான் ஆற்றவேண்டியிருந்தது.

நான் அந்தப் பிராக்ஸிஸில், அதாவது அவருடைய பல் வைத்தியசாலையில், உதவியாளர். நோயாளியின் வாயில் உறிஞ்சு குழாயைப் பிடிப்பது, நாளும் நேரமும் குறித்து டெர்மின் கொடுப்பது, டொக்டர் கோபப்படுத்திய ஆட்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது, இதெல்லாம் என் வேலை. அந்த நாட்களில் எனக்குப் பொல்லாத களைப்பு. காலையில் எழும்பும்போதே ஒரு நாள் வேலை செய்து முடித்ததுபோல இருக்கும். வீட்டு வைத்தியர் ஒருமுறை இரும்புச்சத்துக் குறைவு என்றார், மறுமுறை வயது என்றார். எனக்கோ காரணம் ஆதாரம் டொக்டர்தான் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. வருட முடிவோடு வேலையை விடுவதென்று வீட்டில் சொல்லிவிட்டேன். பிடித்த வேலைதான். உடம்பு ஏலாது என்கிறபோது என்ன செய்வது? டொக்டரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருக்கு மேற்படிப்பு ஆசை பிடித்தது. நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற நோய்க்குப் பல் வைத்தியர்கள் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்கும் உயர்நிலைப் பயிற்சி. கொலோனில், சனி ஞாயிறுகளில்.

"தங்கச்சி, எல்லாத்தையும் ஆதாரத்தோடை படிப்பிக்கினமாம்!" என்று சொன்னபோது அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை. உதவியாளரையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அறிவித்திருந்தார்களாம். அறிவிக்காமல் விட்டிருக்கலாம்.

முதல் நாளே பேராசிரியை, "கொஞ்சம் இளைப்பாறிவிட்டு வந்தால் நன்றாக மனதில் பதியும், கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்" என்றார். எல்லோரும் எழும்பினார்கள். டொக்டர் கையை உயர்த்தினார். இளைப்பாறினால் பதியும் என்பதற்கு எந்த ஆய்வு? பேராசிரியை பொறுமையாகப் பதில் சொன்னார். டொக்டர் அந்தப் பதிலிலும் ஒரு சந்தேகம் கேட்டார். அது முடிய இளைப்பாறும் நேரமும் முடிந்துபோயிற்று. அன்றிலிருந்து எங்கள் மேசையில் வேறு யாரும் வந்து இருந்ததில்லை.

ரயிலில் போகும்போதும் வரும்போதும் பாடம் நடக்கும். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன். "தங்கச்சி, நித்திரையே? இதைக் கேட்டிட்டுப் படுங்கோ" என்று தட்டி எழுப்பி, நித்திரைக் குறைபாட்டால் மனிதர் படும் பாட்டை விளக்குவார். கேட்டுக்கொண்டே மறுபடியும் தூங்கிவிடுவேன்.

படிக்கப் படிக்க அவருக்குக் கண்ட இடமெல்லாம் நோயாளிகள் தெரியத் தொடங்கினார்கள். சட்டைப்பையில் தையல்காரரின் அளவு நாடா ஒன்று வைத்திருந்தார், கழுத்துச் சுற்றளவு எடுக்க. கொலோனில் ஒரு கலியாணம். மணமக்களோடு படம் எடுக்கச் சனம் வரிசையில் நிற்கிறது. எங்கள் முறை வந்தது. டொக்டர் மேடையேறி, மாப்பிள்ளைக்குக் கை கொடுத்து, கழுத்தைப் பார்த்தார். நான் அவருடைய கோட்டைப் பிடித்து இழுப்பதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

"தம்பி, வாயைத் திறவும். இன்னும் பெரிசா. நாக்கை நீட்டும் பாப்பம்."

பெரியவர் சொன்னதும் மரியாதைக்கு மாப்பிள்ளை நீட்டினான். படம்பிடிப்பவர் தன் கடமையைச் செய்தார். அந்தப் படம் இன்றைக்கும் கலியாண அல்பத்தில் இருக்கிறது. மணப்பெண்ணின் தகப்பன் அதற்குப் பிறகு பல்லுப் பிடுங்க வேறு வைத்தியர் தேடித் தூரத்து ஆஹெனுக்குப் போய்வந்தார்.

பயிற்சி முடியும்போது ஒவ்வொருவரும் தாங்கள் வைத்தியம் செய்த ஒரு நோயாளியைப் பற்றி, முன்னும் பின்னும் அளந்த அளவுகளோடு எடுத்துச் சொல்லவேண்டும். வைத்தியம் என்பது ஒரு ஷீனே: கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடித்துத் தொண்டையில் காற்றுக்கு வழி விடும் கவசம். நித்திரை வைத்தியர் சம்மதித்தால்தான் பல் வைத்தியர் அதைச் செய்து கொடுக்கலாம். டொக்டருக்கு ஒருவரும் அகப்படவில்லை. எங்கள் ஆட்களுக்குக் குறட்டை ஒரு நோயே இல்லை, நிம்மதியான மனிதனின் அடையாளம்.

கடைசியில் அவர் கண் என் கணவரின்மேல் விழுந்தது. இவருடைய குறட்டைக்குக் கீழ்வீட்டு ஜேர்மன்காரர் கூரைத் தட்டைத் தடியால் இடிப்பார். பயிற்சியில் பழகிப் பார்க்கக் கொடுத்திருந்த சின்னப் பெட்டியை டொக்டர் என்னிடம் தந்தார். நெஞ்சில் ஒரு பட்டி, மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கவ்வி. ஒரு இரவு கட்டிக்கொண்டு படுத்தால் மூச்சையெல்லாம் அது பதிந்துகொள்ளும்.

"எனக்கென்ன வருத்தமே? முதல் நீ கட்டிக் காட்டு, பிறகு பாப்பம்" என்றார் என் கணவர்.

கட்டினேன். எப்படிப் படுப்பது என்று காட்டப் படுத்தேன். அவ்வளவுதான், விடிந்துவிட்டது. பக்கத்தில் அவர் எந்தப் பட்டியும் இல்லாமல் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டியைப் பிராக்ஸிஸில் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு, நடந்ததைப் பிறகு சொல்வோம் என்று நோயாளிகளைக் கூப்பிடப் போனேன். கொஞ்ச நேரத்தில் டொக்டரின் சத்தம்.

"தங்கச்சி, ஓடி வாங்கோ! உங்கட மனுசன் ஒரு பொக்கிஷம்! மூச்சு நிக்குது, ஒக்சிஜன் விழுகுது, திருப்பியும் நிக்குது. என்ன வடிவான கேஸ்!"

"டொக்டர், அது அவர் இல்லை."

"வேறை ஆர்?"

"நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீங்கள் குறட்டை விடுறனீங்களோ?"

"அவரின்ரை சத்தத்துக்குள்ளை ஆருக்குத் தெரியும் டொக்டர்?"

மெல்லக் கதிரையில் இருந்தார். "பொம்பிளையளுக்கு இது குறட்டையா இல்லாமல் கூடுதலாக் களைப்பாத்தான் தெரியவரும் எண்டு படிச்சனாங்கள். சோதினைக்கெண்டு பாடமாக்கியும் வைச்சிருக்கிறன். நான் ஊரெல்லாம் தேடுறன், ஆதாரம் எனக்குப் பக்கத்திலை நித்திரை கொண்டுகொண்டு கொலோனுக்கு வந்திருக்கு."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், "அப்ப எனக்கே ஷீனேயைச் செய்யுங்கோவன். உங்களுக்கும் கேஸ் கிடைச்சமாதிரி இருக்கும்" என்றேன்.

அவருக்கு ஆசை இருந்தது. எனக்குத் தெரியும். அந்தப் படிப்புக்காக மாதக்கணக்கில் ஓடியவர்.

"ஏலாது தங்கச்சி. இது பழகுறதுக்குத் தந்த பெட்டி. நித்திரை டொக்டர்தான் பாத்துச் சொல்லவேணும்."

ஜேர்மனியில் அப்படியொரு டெர்மின் எடுப்பதற்குள் நோயாளிக்கு நோயே மறந்துபோகும். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. வூப்பர்டால் நகர் வரைக்கும் ஒரு நித்திரை வைத்தியரையும் விடாமல் தொலைபேசி எடுத்தார். "என்னோடை நெடுக வேலை செய்யிற பிள்ளை, தயவுசெய்து கெதியாப் பாருங்கோ" என்று அவர் ஜேர்மனில் சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் கெஞ்சிய ஒரே நாள் அது.

நித்திரை வைத்தியர் ஆய்வுகூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தார். என் பாடு மோசமாம், காற்றை அழுத்தித் தரும் மாஸ்க்தான் முதலில் போடவேண்டுமாம், ஷீனே போதாதாம். டொக்டரிடம் சொன்னேன். அறிக்கையை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "நித்திரை டொக்டர் சொல்லுறது சரி" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மாஸ்கையும் குழாயையும் மாட்டிக்கொண்டு படுத்த என்னைப் பார்த்து என் கணவர், "பிள்ளையாருக்குப் பக்கத்திலை படுக்கக் குடுத்து வைச்சிருக்கவேணும்" என்று சிரித்தார். முதல் சில வாரங்கள் அதைக் கழற்றி எறியவேண்டும்போல இருந்தது. பிறகு ஒருநாள் மணிக்கூடு அடிப்பதற்கு முன்னரே விழித்தேன். மணிக்கூடு பழுதாக்கும் என்று நினைத்தேன். உடம்பில் எங்கும் பாரம் இல்லை. சமையலறையில் போய் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் அழுதேன். இத்தனை வருடமாக மற்றவர்களெல்லாம் இப்படியா எழும்புகிறார்கள்!

இறுதி நாள் கொலோனில் எல்லோரும் பல் அச்சுகளும் அளவுகளுமாக வந்திருந்தார்கள். டொக்டர் வெறுங்கையோடு முன்னால் போனார்.

"ஒருவரைக் கண்டுபிடித்தேன். நெடுநாள் பக்கத்தில் இருந்தும் நான் காணாத ஒருவர். நான் அவருக்கு ஒன்றும் செய்து கொடுக்கவில்லை. போகவேண்டிய இடத்துக்கு அனுப்பிவைத்தேன்" என்றார்.

பேராசிரியை, செய்தது மிகச் சரி என்றார். ஆனால் வைத்தியம் செய்த நோயாளி இல்லாமல் சான்றிதழ் தரமுடியாது, மன்னிக்கவேண்டும், அடுத்த வருடம் மறுபடியும் வாருங்கள் என்றார். டொக்டர் ஒன்றுமே கேட்காமல் வந்து இருந்தார். வகுப்பே திகைத்துப்போயிற்று.

திரும்பும் ரயில் வழக்கம்போலப் பிந்தியது. மேடையில் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். ஆளைப் பார்க்கக் கொஞ்சம் ஒடுங்கிப்போனமாதிரி இருந்தது.

"முதலிலையிருந்து திருப்பித் தொடங்கவேணும். இந்த முறை நான் தனியத்தான் வரோணும் போலை. நீங்கள் வேலையை விடப்போறியள் எண்டு உங்கட மனுசன் எப்பவோ சொன்னவர்."

எப்பவோ! தெரிந்துகொண்டுதான் மனிதர் இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"ஆர் விடப்போறது? நானும் வாறன் டொக்டர்."

இன்னும் ஒரு வருடச் சனி ஞாயிறுகள் அந்த ரயிலோடும் அந்த வகுப்போடும் போகப்போகின்றன என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன். போனால் போகட்டும். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடித்திருந்தது.