சின்ன மாமாவின் கால்

குனிந்து காலைத் தொட்ட பிறகுதான் நவேந்துவுக்குத் தெரிந்தது, அது சின்ன மாமாவின் கால் இல்லை.

சின்ன மாமாவுக்கு இடது காலில் ஆறு விரல். இங்கே ஐந்துதான் இருந்தன. பதறிப்போய் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். முன்பின் பார்த்திராத முகம். 'ஐயோ, தொலைஞ்சோம்!'

அதற்குள் பெரியவர் அவன் தலையில் கை வைத்துவிட்டார். "நல்லா இரு, நல்லா இரு."

அவன் மனைவி தபதியும் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். பெரியவருக்குப் பக்கத்தில் மடியில் பையுடன் உட்கார்ந்திருந்த மாமி, வாயைத் திறக்காமல் இருவரையும் பார்த்தாள்.

"யாரும்மா உள்ள? பிள்ளைங்க வந்திருக்கு பாரு!" என்று பெரியவர் குரல் கொடுத்தார்.

துர்கா பூஜை முடிந்து சிலையைக் கங்கையில் கரைத்ததற்கு அடுத்த வாரம் அது. அந்த வாரம் கல்கத்தாவில் ஒரு வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. பெரியவர்கள் காலில் விழுந்தவனை இனிப்பு கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். 'நீ யாருப்பா?' என்று கேட்பதைப் போன்ற அசிங்கம் வேறு கிடையாது. இதை நம்பித்தான் நவேந்து திட்டம் போட்டிருந்தான். பாலூர்காட்டிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, டிராம்கூட ஏறாமல் கால்நடையாகவே ஊரைச் சுற்றிப் பார்ப்பது. பசித்தால் வழியில் ஒரு சொந்தக்காரர் வீடு. ராத்திரிக்குச் சின்ன மாமா வீடு. கல்யாணமான பிறகு பெண்டாட்டியை முதல்முதலாக வெளியூர் கூட்டிக்கொண்டு வந்த லட்சணம் இது.

"கல்கத்தா எனக்கு அத்துப்படி" என்று ரயிலில் வேறு அளந்திருந்தான். சியால்தா ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து ஒரே மீன் மார்க்கெட்டைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தார்கள். கடைசியில் மீன்காரி, "வாங்க, வாங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றே கேட்டுவிட்டாள். அங்கேதான் தபதி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னொரு தடவை வழி தப்பினா நான் நேரா கிருஷ்ணநகர் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க வந்து கால்ல விழுந்தாலும் திரும்ப மாட்டேன்."

சும்மா சொல்கிற ஆள் இல்லை அவள். ஆகவே இது தப்பான வீடு என்று மூச்சு விடக்கூடாது. கொடுப்பதைத் தின்றோமா, கிளம்பினோமா என்று போய்விட வேண்டும்.

"என்னங்க," தபதி காதைக் கடித்தாள். "உங்க மாமாவுக்கு வழுக்கைன்னு சொன்னீங்களே?"

"விக்கு."

"விக்குல நரையா?"

"காசு கொடுத்து வாங்கின நல்ல விக்கு. சும்மா இரு."

பெரியவர் தலையைப் பரபரவென்று சொறிந்தார். தபதி அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

வேலைக்காரப் பெண் தட்டுகளைக் கொண்டு வந்து வைத்தாள். தேங்காய் உருண்டை, மொறுமொறுவென்று நிம்கி, கிண்ணத்தில் ஆவி பறக்கும் பட்டாணிக் குழம்பு. பெரியவர் தம் காலித் தட்டையும் நீட்டி இன்னொரு முறை வாங்கிக்கொண்டார்.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"பாலூர்காட்."

"ஆங், பாலூர்காட்! அதானே பார்த்தேன்!" பெரியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அம்மா எப்படி இருக்கா?"

பேச்சை வளர்க்க வேண்டாமே என்று நவேந்து சட்டென்று சொன்னான்: "சூப்பரா இருக்காங்க."

தபதியின் கையிலிருந்த உருண்டை கீழே விழுந்தது. அவனை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"உங்க அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு! கூடப் பிறந்த தங்கச்சி செத்தது உங்க மாமாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அவருக்கு இதயம் பலவீனம். யாரும் சொல்லல."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். ஆனால் தபதிக்கு இளகிய மனசு. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. நேராகப் போய்ப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா அழற?" பெரியவர் மிரண்டார்.

"ஒண்ணுமில்ல மாமா. நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. இன்னும் நாலு நாளைக்கு நாங்க இங்கதான் இருக்கப்போறோம்."

பெரியவருக்குப் புரையேறியது. "இங்கேயா!"

"தபதி, நமக்கு இன்னிக்கே ரயிலு..." என்றான் நவேந்து.

"ரயில் கிடக்கட்டும்! உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? மாமா, கை கழுவிட்டு வந்து ராத்திரிச் சமையலை நானே பார்க்கறேன். குழாய் எங்க இருக்கு?"

பெரியவர் நாலாபக்கமும் பார்த்துவிட்டு ஒரு கதவைக் காட்டினார். தபதி திறந்தாள். உள்ளே மடித்து வைத்த குளிர்காலப் போர்வைகள் இருந்தன. அடுத்த கதவைக் காட்டினார். அது தெருவில் திறந்தது.

"வயசாச்சு பாவம், சொந்த வீடே மறந்துபோச்சு," என்று தபதி விசும்பினாள். "இவரை இந்த நிலைமையில விட்டுட்டுப் போறதா? நம்ம ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுவோம். மாமா, உங்க துணிமணியெல்லாம் எந்த அலமாரில இருக்கு?"

எவனோ ஒரு கிழவனைப் பாலூர்காட்டுக்குக் கடத்திக்கொண்டு போவதா! இதற்குமேல் தாங்காது என்று நவேந்து தடாலென்று பெரியவர் காலில் விழுந்தான்.

"ஐயா, மன்னிச்சிடுங்க! நான் உங்க மருமகன் இல்ல. நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. வழி தப்பி, வீடு மாறி உள்ள நுழைஞ்சுட்டேன்!"

தபதி வாயில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். பெரியவர் ஒரு கணம் திகைத்து, பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் குரல் கணீரென்று ஏறியது.

"வீடு மாறி வந்தியா? வெட்கமா இல்ல? யார் வீடு, எவர் வீடுன்னு பார்க்காம உள்ள நுழைஞ்சு, கூசாம உக்காந்து தின்னுட்டு... நீயெல்லாம் படிச்சவனா? பெண்டாட்டியைத் தெருத்தெருவா நடக்க வெச்சு, ஊரான் வீட்டுச் சோத்தைத் தின்ன வைக்கிறியே, நீ ஒரு ஆம்பிளையா?"

நவேந்து தரையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. தபதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செருப்பை மாட்டினாள். பையைத் தோளில் போட்டாள்.

"தபதி, ஒரு நிமிஷம்..."

"பேசாதீங்க. நான் கிருஷ்ணநகர் போறேன்."

அவள் வாசலைத் தாண்டுவதற்குள், அதுவரை வாயே திறக்காத மாமி மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று எழுந்தாள்.

"இரும்மா, நானும் வர்றேன். அத்தை பையன் வீடுன்னு சொல்லி இந்த மனுஷனும் வழி தப்பி அரை மணி முன்னாடிதான் என்னை நடத்தியே இங்க கூட்டிட்டு வந்தாரு."