வாயில் ஆணி இருந்ததால் ஆஜராகாதவர்

மாண்புமிகு நீதிபதி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மன்றத்தில் அனைவரும் நலமென்று நம்புகிறேன். தங்கள் நேரத்தைக் கெடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முடிவிலும் ஒருமுறை கேட்பேன்.

என் சித்தப்பா தச்சர். வாய்தா நாளில் அவர் ஆஜராகவில்லை என்று, ஜாமீன் நின்ற என் அப்பாவின் பத்திரத்தைப் பறிமுதல் செய்ய உத்தரவாகியிருக்கிறது. ஈடாகக் கொடுத்தது நாங்கள் குடியிருக்கும் வீடு. ஆட்சேபம் தெரிவிக்க இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் எழுதச் சொன்னார்கள். நான் படித்தது தாவரவியல் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மரத்தைப் பத்திதானே படிச்சே? அவன் செய்யிறதும் மரவேலைதான். எழுது" என்றார் அப்பா.

வழக்கு தங்களுக்குத் தெரிந்ததே. எதிர்வீட்டுக் கதவு தரையில் உரசும் சத்தத்தை ஆறு மாதம் பொறுத்த சித்தப்பா, அவர்கள் வெளியே போயிருந்த சமயம் அதைக் கழற்றி வந்து இழைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர்களுக்குக் கதவில்லாத வீடு. சித்தப்பாவுக்குத் திருட்டு வழக்கு.

வாய்தா அன்று அவர் எட்டரைக்கே வந்துவிட்டார் அம்மா. காலியாக இருந்த மன்றத்தில் சாட்சிக் கூண்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், அது ஆடியிருக்கிறது, அவ்வளவுதான், கருவிப் பையோடு அதன் அடியில் புகுந்துவிட்டார். தாங்கள் வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள், அவருக்கும் எழ ஆசைதான், தலைக்கு மேலே பலகை. பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள், வாயிலோ நான்கு ஆணி, ஆணி இருக்கும்போது வாய் திறக்கக்கூடாது என்பது தொழிலில் முதல் பாடம், அதைச் சொல்லிக்கொடுத்தவரே ஒன்றை விழுங்கியவர், அதனால் ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பதில் சொல்லியிருக்கிறார், எழுத்தர் எலி என்று நினைத்துக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். அப்பா எழுந்து, "இங்கதாங்க இருக்கான், காலு தெரியுது பாருங்க" என்றதற்கு டவாலி, "யோவ், உன்னையா கூப்பிட்டாங்க? உட்காருய்யா" என்று அடக்கிவிட்டார். இடைவேளையில் சித்தப்பா வெளியே வந்தபோது உத்தரவு எழுதி முடிந்திருந்தது.

மதியம் ஒரு பருமனான சாட்சி ஏறியதும், "இன்னைக்கு என்ன, கூண்டு ஆடவே இல்லை?" என்று தாங்களே கேட்டீர்களாம். எங்கள் தரப்பில் அதுதான் சாட்சி.

தவிர, ஊர்க் கதவையெல்லாம் பார்க்கிறவருக்கு எங்கள் வீட்டைப் பார்க்க நேரமில்லை. ஒரு கதவும் சரியாகச் சாத்தாது. எடுத்துக்கொண்டால் தங்களுக்கும் தொந்தரவுதான்.

இனி யாருடைய பொருளையும் கேட்காமல் தொடமாட்டேன் என்று சித்தப்பா என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். தங்கள் மேசையும் நாற்காலியும் ஆடாமல் நெடுங்காலம் நிற்க வேண்டும். சொன்னபடி, மறுபடியும் மன்னிப்புடன்,

தச்சரின் அண்ணன் மகள்

பின்குறிப்பு: மணி நாலரை. இந்த மனுவைச் சித்தப்பாவிடமே கொடுத்து, நீதிமன்ற வாசலில் உள்ள மனுப்பெட்டியில் போடச் சொன்னேன். போட்டுவிட்டார். பெட்டியின் கீல் கழன்றிருந்ததாம், பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுகிறார், வாயில் ஆணி. என் மனுவை அதிலிருந்து எடுத்துத்தான் இதைச் சேர்க்கிறேன். மற்றவர்களுடையது பத்திரமாக இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்துக்குள் ஓடி வந்துவிடுவோம். இந்தத் தடவை ஜாமீனுக்கு ஈடாக என் பட்டச் சான்றிதழை வைத்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று அப்பா கேட்கச் சொல்கிறார்.